"டு"வா, "இங்"கா? மாலை வகுப்பில் பிள்ளைகளுக்கு எப்படிச் சொல்லிக்கொடுப்பது

நானுஓயா_நிலா

எல்லோருக்கும் வணக்கம். எங்கள் தோட்டத்துக் கோயில் மண்டபத்தில் ஓ.எல். (சாதாரண தரப் பரீட்சை) பிள்ளைகளுக்கு மாலையில் ஆங்கிலம் சொல்லிக்கொடுக்கிறேன். ஒரு வினைச்சொல்லுக்குப் பின்னால் இன்னொரு வினை வந்தால் எப்போது "டு" போடுவது, எப்போது "இங்" சேர்ப்பது என்ற இடத்தில்தான் பிள்ளைகள் நின்றுவிடுகிறார்கள். "ஐ வோன்ட் டு கோ" எல்லோருக்கும் வரும். அதே வேகத்தில் "ஐ என்ஜோய் டு ரீட்" என்றும் எழுதிவிடுகிறார்கள்.

கடையில் கிடைக்கும் பயிற்சிப் புத்தகங்களில் இரண்டு நீளமான பட்டியல் இருக்கிறது. இந்தச் சொற்களுக்குப் பின் ஜெரண்ட் ("இங்" வடிவம்), இந்தச் சொற்களுக்குப் பின் இன்ஃபினிட்டிவ் ("டு" வடிவம்), பாடமாக்கு என்று சொல்கிறது. பிள்ளைகளும் பாடமாக்குகிறார்கள். ஒரு கிழமை கழித்துக் கேட்டால் இரண்டும் கலந்து வருகிறது.

பட்டியலுக்குப் பின்னால் ஏதாவது காரணம் இருக்கிறதா? இந்தப் பிள்ளைகளில் பலர் தங்கள் வீட்டிலிருந்து முதன்முதலாக ஓ.எல். எழுதப்போகிறவர்கள். "ஏன் டீச்சர் அப்படி?" என்று கேட்கும் பிள்ளைக்கு உண்மையான பதில் ஒன்று சொல்ல ஆசைப்படுகிறேன்.

பதுளை_சேர்

நல்ல வேலை செய்கிறீர்கள் தங்கச்சி, அதை முதலில் சொல்லிவிடுகிறேன். ஆனால் நான் பட்டியலின் பக்கம்தான். பரீட்சை மண்டபத்தில் பிள்ளைக்குக் காரணம் யோசிக்க நேரம் கிடையாது. என்ஜோய், அவொய்ட், ஃபினிஷ், மைண்ட், சஜெஸ்ட், கீப், ப்ராக்டிஸ் என்று வந்தால் "இங்". வோன்ட், டிசைட், ஹோப், ப்ளான், அக்ரீ, ரிஃபியூஸ், ப்ரொமிஸ் என்று வந்தால் "டு". தினமும் வகுப்பு தொடங்கும்போது வாய்ப்பாடு மாதிரி சத்தமாகச் சொல்லவையுங்கள். கலந்து வருகிறது என்றால் இன்னும் போதிய அளவு சொல்லவில்லை என்றுதான் அர்த்தம். காரணம் தேடிப் போனால் விதிவிலக்குகளில் மாட்டிக்கொள்வீர்கள், பிள்ளைகள் இன்னும் குழம்புவார்கள்.

பத்தனை_டீச்சர்

சேர் சொல்வதில் பாதியை நானும் ஏற்கிறேன். பட்டியல் வேண்டும். ஆனால் அது கடைசியில் வரவேண்டிய சாமான். முதலில் வரவேண்டியது பிள்ளைக்கு ஏற்கனவே தெரிந்த தமிழ்.

நிலா, நாளைக்குக் கரும்பலகையில் இரண்டு வாக்கியங்களைத் தமிழிலேயே எழுதுங்கள். "கதவைப் பூட்ட மறந்துவிட்டேன்." "கதவைப் பூட்டியதை மறந்துவிட்டேன்." எந்த வீட்டில் கதவு திறந்து கிடக்கிறது என்று கேளுங்கள். எல்லாப் பிள்ளைகளும் சரியாகச் சொல்லும். முதல் வாக்கியத்தில் பூட்டுகிற வேலை நடக்கவே இல்லை. இரண்டாவதில் நடந்து முடிந்துவிட்டது, ஞாபகம்தான் இல்லை. "பூட்ட" என்பது இனிமேல் நடக்கவேண்டியதைப் பார்த்து நிற்கிறது. "பூட்டியதை" என்பது நடந்த ஒன்றை ஒரு பொருள்போலக் கையில் எடுத்துக் காட்டுகிறது. தமிழ்ப் பாடத்தில் முதலாவதை "செய" என்னும் வாய்பாட்டு வினையெச்சம் என்று படித்திருப்பார்கள். இரண்டாவது தொழிற்பெயர் வகை.

ஆங்கிலத்திலும் ஏறக்குறைய இதே பிரிவுதான். "டு லொக்" என்பது பூட்ட. "லொக்கிங்" என்பது பூட்டியது, பூட்டுவது, பூட்டுதல். "ஐ ரிமெம்பர்ட் டு லொக் த டோர்" என்றால் மறக்காமல் பூட்டினேன். "ஐ ரிமெம்பர் லொக்கிங் த டோர்" என்றால் பூட்டியது எனக்கு ஞாபகம் இருக்கிறது. பிள்ளை ஆங்கில விதியை யோசிக்கவே தேவையில்லை, தமிழில் "பூட்ட"வா "பூட்டியது"வா என்று கேட்டுக்கொண்டால் போதும்.

அடுத்தது "ஸ்டொப்". சிவனொளிபாதமலைக்குப் போகாத வீடு நம் பக்கத்தில் குறைவு, அதையே எடுங்கள். நல்லதண்ணியிலிருந்து ஏறும்போது பாதி வழியில் தேத்தண்ணிக் கடை வருகிறது. "வீ ஸ்டொப்ட் டு ட்ரிங்க் டீ" என்றால் தேத்தண்ணி குடிக்க நின்றோம். "வீ ஸ்டொப்ட் ட்ரிங்கிங் டீ" என்றால் தேத்தண்ணி குடிப்பதை நிறுத்திவிட்டோம். தேயிலைத் தோட்டத்தில் இருந்துகொண்டு இந்த இரண்டாவது வாக்கியத்தை எழுதினால் வகுப்பே நிமிர்ந்து பார்க்கும், அதனால் மறக்காது. "குடிக்க" என்றால் டு, "குடிப்பதை" என்றால் இங்.

எனக்கு மிகவும் பிடித்தது "ட்ரை". "ஐ ட்ரைட் டு ஓப்பன் த விண்டோ" என்றால் ஜன்னலைத் திறக்க முயன்றேன், இறுகிக்கிடந்தது. "ஐ ட்ரைட் ஓப்பனிங் த விண்டோ" என்றால் ஜன்னலைத் திறந்து பார்த்தேன், அறைக்குள் இருந்த புகை வெளியே போகிறதா என்று. "திறந்து பார்", "கேட்டுப் பார்", "குடித்துப் பார்" என்று நாம் தினமும் பேசுகிறோமே, அந்தப் "பார்"தான் இங்கே ட்ரை. இருமலுக்கு மருந்து கேட்கிறவரிடம் "ட்ரை ட்ரிங்கிங் கொத்தமல்லி வோட்டர்" என்று சொல்லலாம். குடித்துப் பாருங்கள். அங்கே "ட்ரை டு ட்ரிங்க்" என்று சொன்னால் குடிப்பதே பெரும் பாடு என்பது போல ஆகிவிடும்.

"ரிக்ரெட்" கூட இப்படித்தான். விண்ணப்பத்துக்குப் பதிலாக "வீ ரிக்ரெட் டு இன்ஃபோர்ம் யூ" என்று கடிதம் வரும். இனிச் சொல்லப்போகிற செய்திக்காக இப்போது வருந்துகிறார்கள். "ஐ ரிக்ரெட் லீவிங் ஸ்கூல்" என்றால் பாடசாலையை விட்டது நடந்து முடிந்தது, அதற்காக இப்போது வருத்தம்.

பேராதனை_மாணவன்

டீச்சர் சொன்னதற்குப் பின்னால் ஒரு வரலாறும் இருக்கிறது, மொழியியல் படிக்கிறவன் என்பதால் சொல்கிறேன்.

இன்ஃபினிட்டிவில் வரும் "டு", "கோ டு ஹட்டன்" என்பதில் வரும் அதே "டு"தான். ஆதியில் அதன் பொருள் "நோக்கி". பழைய ஆங்கிலத்தில் இன்ஃபினிட்டிவுக்குச் சொல்லின் கடைசியிலேயே "அன்" என்ற விகுதி இருந்தது. ஒரு செயலை நோக்கி, ஒரு நோக்கத்துக்காக என்று சொல்லவேண்டிய இடத்தில் "டு" சேர்ந்து, விகுதியும் வேற்றுமை வடிவத்துக்கு மாறும். காலப்போக்கில் விகுதிகள் தேய்ந்தன, "டு" மட்டும் மிஞ்சியது. அதனால்தான் வோன்ட், ஹோப், ப்ளான், டிசைட், ப்ரொமிஸ் என்று முன்னால் பார்க்கிற வினைகளோடு அது இயல்பாகச் சேர்கிறது.

"இங்" கதை வேறு. பழைய ஆங்கிலத்தில் வினையிலிருந்து பெயர்ச்சொல் செய்ய "உங்", "இங்" என்ற விகுதிகள் இருந்தன. "நடந்துகொண்டிருக்கிற" என்று பொருள்தரும் பெயரெச்ச வடிவத்துக்கு "எண்டே" என்று தனி விகுதி. பின்னால் இரண்டும் ஒரே "இங்" ஆகிவிட்டன. ஆக ஜெரண்ட் பிறப்பிலேயே பெயர்ச்சொல். "நோ ஸ்மோக்கிங்", "நோ பார்க்கிங்" என்று அறிவிப்புப் பலகையில் "நோ" சேர்த்து எழுத முடிவதும் அதனால்தான்.

இது பெயர்ச்சொல் என்று பிடித்துக்கொண்டால் இன்னொரு பெரிய விதி இலவசமாகக் கிடைக்கிறது. ஆங்கிலத்தில் முன்னிடைச்சொல்லுக்குப் பின் பெயர்தான் வரும். ஆகவே இன், அட், ஒஃப், எபௌட், விதௌட், பிஃபோர், ஆஃப்டர், பை எதற்குப் பின்னால் வினை வந்தாலும் "இங்"தான். "குட் அட் சிங்கிங்", "இன்ட்ரெஸ்டட் இன் லேர்னிங்", "விதௌட் ஈட்டிங்". இந்த விதிக்கு மட்டும் பட்டியல் தேவையே இல்லை.

பதுளை_சேர்

நன்றாக எழுதியிருக்கிறீர்கள் இருவரும். தமிழ் உதாரணங்களை நானும் வகுப்பில் எடுத்துக்கொள்வேன். ஆனால் நான் முதலில் சொன்ன இடத்துக்கு இப்போது வருவோம்.

"டு" முன்னால் பார்க்கும், "இங்" நடந்ததைப் பார்க்கும் என்றால், "சஜெஸ்ட்" எதைப் பார்க்கிறது? நான் ஒரு யோசனை சொல்கிறேன் என்றால் அது இன்னும் நடக்காத விடயம். "கன்சிடர்" அப்படித்தான், "போஸ்ட்போன்" அப்படித்தான், "அவொய்ட்" செய்கிற ஆள் அந்தக் காரியத்தைச் செய்யவே போவதில்லை. இவை நான்கும் "இங்" கேட்கின்றன. மறுபக்கம், "மனேஜ்" என்றால் ஒருவழியாகச் செய்து முடித்துவிட்டோம். "வீ மனேஜ்ட் டு கேட்ச் த ட்ரெய்ன்" என்றால் கோச்சியைப் பிடித்தாகிவிட்டது. நடந்து முடிந்தும் "டு". கெட்டிக்காரப் பிள்ளை இதைக் கேட்கும். அப்போது என்ன சொல்வீர்கள் டீச்சர்?

நானுஓயா_நிலா

சேர், எனக்கும் இதேதான் ஓடியது. "ரிஃபியூஸ்" என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். செய்யமாட்டேன் என்று மறுப்பதற்கு ஏன் "டு"?

பத்தனை_டீச்சர்

நேர்மையான கேள்வி, நேராகவே பதில் சொல்கிறேன்.

சஜெஸ்ட், கன்சிடர், ரெக்கமெண்ட் மூன்றிலும் ஆள் அந்தச் செயலை நோக்கி இன்னும் அடியெடுத்து வைக்கவில்லை. அதை ஒரு யோசனையாக எல்லோர் முன்னும் வைத்து, சரிவருமா என்று பார்க்கிறார். தமிழிலும் "போவதைப் பற்றி யோசிக்கிறேன்" என்றுதான் சொல்வோம். அங்கே போவது என்பது பேசுபொருள். முடிவெடுத்த பிறகுதான் "போக முடிவு செய்தேன்". கன்சிடர் கோயிங், டிசைட் டு கோ. எங்கள் வகுப்பில் இந்த இரண்டையும் ஜோடியாகத்தான் சொல்லிக்கொடுப்பேன்.

அவொய்ட், போஸ்ட்போன், டினை மூன்றும் செயலிலிருந்து விலகுகின்றன. "டு" என்பது நோக்கிப் போவது என்று தம்பி சொன்னாரே, விலகிப்போகிற வினையோடு அது சேராது. தமிழில் "போவதைத் தவிர்த்தான்", "எடுத்ததை மறுத்தான்". இரண்டிலும் நமக்கும் தொழிற்பெயர்தான் வருகிறது.

"மனேஜ்" முயற்சியில் தொடங்கி அந்தச் செயலைப் போய் எட்டுகிறது, அந்தத் திசைதான் அதற்கு "டு" தருகிறது என்று நினைக்கிறேன். ஆனால் "ரிஃபியூஸ்"க்கு இதே தர்க்கம் சரியாகப் பொருந்தாது. இனிச் செய்யும்படி கேட்டதற்கு மறுக்கிறார், கேட்கப்பட்டது எதிர்காலத்துச் செயல் என்று சொல்லலாம். அதைச் சொல்லி பிள்ளையை ஏற்கவைக்க நான் முயற்சிக்க மாட்டேன். "இதைப் பாடமாக்கு" என்று சொல்லிவிடுவேன்.

சேர், நம் இருவருக்கும் உள்ள வித்தியாசம் இவ்வளவுதான். பிள்ளை முதலில் காரணம் புரியும் சொற்களைப் புரிந்துகொள்ளட்டும். புரியாமல் மிஞ்சுகிறவை கொஞ்சம்தான், அந்தக் கொஞ்சத்தைப் பாடமாக்குவது பாரமாக இருக்காது.

பதுளை_சேர்

அந்த மிஞ்சிய பட்டியலை நான் தயாரித்துத் தருகிறேன்.

நுவரெலியா_வரவேற்பு

நான் ஹோட்டல் வரவேற்பு மேசையில் வேலை செய்கிறேன். பரீட்சை எழுதி முடித்த பிள்ளைகள் பலர் இந்தத் துறைக்குத்தான் வருகிறார்கள், அதனால் பேச்சில் அடிக்கடி வருகிற சிலவற்றைச் சொல்கிறேன்.

"வுட் யூ லைக்" என்றால் எப்போதும் "டு". "வுட் யூ லைக் டு சீ த மெனு?" என்றால் இப்போது, இந்த நேரத்து விருப்பம். வெறும் "லைக்" என்றால் இரண்டும் வரும். "ஐ லைக் வோக்கிங்" என்றால் நடப்பது எனக்குப் பொதுவாகவே பிடிக்கும். "வுட் யூ மைண்ட்" என்றால் எப்போதும் "இங்". "வுட் யூ மைண்ட் வெய்ட்டிங் எ மினிட்?" இந்த இரண்டும் நாள் முழுக்க வாயில் இருக்கும், புதிதாக வருகிறவர்கள் முதலில் பழகவேண்டியதும் இவைதான்.

அப்புறம் "சஜெஸ்ட்". ஹோர்ட்டன் சமவெளிக்குப் போகிறவர்கள் எத்தனை மணிக்குப் புறப்படலாம் என்று கேட்பார்கள். அங்கே உலக முடிவு என்ற செங்குத்துப் பாறை விளிம்பில் காலை ஏற ஏறப் பனிமூட்டம் வந்து பள்ளத்தாக்கை மூடிவிடும் என்பதால் விடியமுன் புறப்படச் சொல்வோம். அதை நம் ஆட்கள் "ஐ சஜெஸ்ட் யூ டு லீவ் ஏர்லி" என்று சொல்வார்கள். தமிழில் "புறப்படச் சொல்கிறேன்" என்று இருப்பதால் "டு" தானாக வந்துவிடுகிறது. "ஐ சஜெஸ்ட் லீவிங் ஏர்லி" என்று சொல்லலாம், "ஐ சஜெஸ்ட் யூ லீவ் ஏர்லி" என்றும் சொல்லலாம். நடுவில் "டு" மட்டும் வராது. "டு"தான் வாய்க்கு வருகிறது என்றால் "அட்வைஸ்" போடுங்கள். "ஐ அட்வைஸ் யூ டு லீவ் ஏர்லி" முழுக்கச் சரி.

"அலவ்" இன்னொன்று. யாரை என்று ஆளைச் சொன்னால் "டு", ஆளைச் சொல்லாவிட்டால் "இங்". சமவெளி நுழைவாயிலில் பொலித்தீன் இருக்கிறதா என்று பையைப் பார்ப்பார்கள். அதைச் சொல்லும்போது "தே டோன்ட் அலவ் விசிட்டர்ஸ் டு கெரி பொலித்தீன்". விருந்தினரைச் சொல்லாமல் விட்டால் "தே டோன்ட் அலவ் கெரியிங் பொலித்தீன்". பெர்மிட், அட்வைஸ் இரண்டும் இதே வழியில் போகும்.

கொழும்பில்_மஸ்கெலியாக்காரன்

நல்ல நேரத்தில் இந்த இழையைப் பார்த்தேன். அலுவலகத்தில் மின்னஞ்சல் முடிக்கும்போது "லுக் ஃபோர்வர்ட் டு" என்று போடுகிறோம். அதற்குப் பிறகு "ஹியர்" என்று ஒருவர் எழுதுகிறார், "ஹியரிங்" என்று இன்னொருவர் எழுதுகிறார். "டு" வந்துவிட்டதே, பிறகு ஏன் "இங்"?

பேராதனை_மாணவன்

அண்ணே, "ஹியரிங்"தான். அங்கே வருவது இன்ஃபினிட்டிவின் "டு" அல்ல, வெறும் முன்னிடைச்சொல். கண்டுபிடிக்க எளிய வழி, பின்னால் வினையை எடுத்துவிட்டு ஒரு பெயர்ச்சொல்லை வைத்துப் பாருங்கள். "லுக் ஃபோர்வர்ட் டு த ஹொலிடேஸ்" சரியாக நிற்கிறது. பெயர் நிற்கிற இடத்தில் ஜெரண்டும் நிற்கும். "டிசைட் டு த ஹொலிடேஸ்" நிற்காது, ஆகவே அந்த "டு" இன்ஃபினிட்டிவுக்குரியது.

இதே குடும்பத்தில் ஒரு பொல்லாத ஜோடி இருக்கிறது. "ஐ யூஸ்ட் டு கெட் அப் அட் ஃபைவ்" என்றால் முன்பெல்லாம் ஐந்து மணிக்கு எழும்புவேன், இப்போது இல்லை. "ஐ ஆம் யூஸ்ட் டு கெட்டிங் அப் அட் ஃபைவ்" என்றால் ஐந்து மணிக்கு எழும்பிப் பழகிவிட்டது, சிரமமே இல்லை. முன்னால் "ஆம்", "இஸ்", "ஆர்", "வோஸ்" ஏதாவது வந்து, சொல்ல வருவது பழகிப்போனதைப் பற்றி என்றால் "இங்". விடியற்காலையில் பிரட்டுக்கு (தோட்டத்தில் ஆட்களைக் கூட்டி வேலை பிரிக்கும் இடத்துக்கு) போகிற அம்மாவைப் பற்றி ஒரு பிள்ளை எழுதினால் இந்த இரண்டாவது வடிவம்தான் அதற்கு வேண்டும். முதலாவதை எழுதினால் அம்மா வேலையை விட்டுவிட்டார் என்று வாசிக்கிறவர் நினைப்பார்.

கொழும்பில்_மஸ்கெலியாக்காரன்

இப்போதுதான் தெளிந்தது தம்பி. மிக்க நன்றி.

பதுளை_சேர்

பட்டியல் தயாரிக்க உட்கார்ந்தபோது ஒன்று தெரிந்தது. தமிழ் கைகொடுக்கும் இடங்களை டீச்சர் சொன்னார். தமிழ் காலை வாரும் இடங்களைத்தான் நான் எழுத வேண்டியிருக்கிறது. விடைத்தாள்களில் நான் திரும்பத் திரும்பத் திருத்துகிறவை இவை.

முதலாவது, நோக்கம். "சாமான் வாங்குவதற்காக டவுனுக்குப் போனேன்" என்று நினைத்து "ஐ வென்ட் டு டவுன் ஃபோர் பையிங் திங்ஸ்" என்று எழுதுகிறார்கள். "அதற்காக" என்பது "ஃபோர்" ஆகிவிடுகிறது. ஒருவர் ஏன் போனார், ஏன் வந்தார், ஏன் செய்தார் என்றால் "டு" மட்டும்தான், "ஐ வென்ட் டு டவுன் டு பை திங்ஸ்". தமிழிலேயே "வாங்குவதற்காக" என்பதை "வாங்க" என்று சுருக்கிப் பார்த்தால் சரியான வடிவம் கிடைத்துவிடும். ஒரு பொருள் எதற்குப் பயன்படும் என்று சொல்லும்போது "ஃபோர்" வரலாம். "திஸ் நைஃப் இஸ் ஃபோர் ப்ரூனிங்", இது கவ்வாத்துக் கத்தி. நன்றி சொல்லும்போதும் "தேங்க் யூ ஃபோர் கமிங்".

இரண்டாவது, "தெரியும்". நீந்தத் தெரியும் என்பதை "ஐ நோ டு ஸ்விம்" என்று எழுதாத வகுப்பே கிடையாது. "ஐ நோ ஹவ் டு ஸ்விம்". அந்த "ஹவ்" இல்லாமல் வாக்கியம் நிற்காது.

மூன்றாவது, நமக்கு "செய்ய" என்று வந்தும் ஆங்கிலத்துக்கு "இங்" வேண்டிய இடங்கள். ஏறக் கஷ்டப்பட்டோம் என்பது "வீ ஹேட் டிஃபிகல்ட்டி க்ளைமிங்". வாசிக்கத் தகுந்தது என்பது "வேர்த் ரீடிங்". சிரிக்காமல் இருக்க முடியவில்லை என்பது "ஐ குடன்ட் ஹெல்ப் லாஃபிங்". சமைக்க நேரம் செலவழித்தேன் என்பது "ஐ ஸ்பென்ட் டைம் குக்கிங்". "பிசி" என்பதற்குப் பின்னாலும் அப்படியே, "ஷீ இஸ் பிசி ப்ளக்கிங்". இவற்றுக்கு நான் காரணம் தேடவில்லை, இவைதான் வாய்ப்பாடு. ரிஃபியூசையும் இதிலேயே சேர்த்துவிட்டேன். முழுப் பட்டியலும் ஒரு கொப்பிப் பக்கத்தில் அடங்கிவிட்டது டீச்சர். முதலில் நான் சொன்ன பட்டியலைவிட மிகச் சிறியது.

ஹப்புத்தளை_காற்று

இடையில் ஒரு சந்தேகம். "மேக்", "லெட்" இரண்டுக்கும் பின்னால் "டு"வும் இல்லை, "இங்"கும் இல்லையே. மகள் "த டீச்சர் மேட் மீ டு ஸ்டேண்ட்" என்று எழுதியிருக்கிறாள், சிவப்புக் கோடு போட்டு வந்திருக்கிறது. காரணம் ஒன்றும் எழுதவில்லை.

பத்தனை_டீச்சர்

கோடு போட்டது சரிதான், காரணத்தையும் எழுதியிருக்கலாம். மேக், லெட் இரண்டுக்கும் பின்னால் வினை வெறுமையாக நிற்கும். "ஷீ மேட் மீ ஸ்டேண்ட்", நிற்கவைத்தார். "ஷீ லெட் மீ கோ", போகவிட்டார். தமிழிலும் "வை", "விடு" என்ற துணைவினைகள் இப்படி நேராக ஒட்டிக்கொள்கின்றன, ஒரே மூச்சில் சொல்கிறோம். ஆனால் "மேக்" செயப்பாட்டு வினைக்குப் போனால் "டு" திரும்பி வந்துவிடும், "ஐ வோஸ் மேட் டு ஸ்டேண்ட்". மகள் மனதில் இந்த வடிவம் இருந்திருக்கலாம். "ஹெல்ப்" மட்டும் இரண்டு விதமாகவும் வரும். "ஐ ஹெல்ப்ட் ஹேர் கெரி த பேஸ்கட்", "ஐ ஹெல்ப்ட் ஹேர் டு கெரி த பேஸ்கட்" இரண்டும் சரி.

நானுஓயா_நிலா

எல்லோருக்கும் எப்படி நன்றி சொல்வது என்றே தெரியவில்லை. கதவு வாக்கியங்களைக் கரும்பலகையில் எழுதியதும் பின்வரிசையில் வாய் திறக்காத பிள்ளைகூட பதில் சொன்னது. "ட்ரை" வந்தபோது "தின்னு பார், ட்ரை ஈட்டிங்" என்று அவர்களாகவே வாக்கியம் சொல்லத் தொடங்கிவிட்டார்கள்.

இப்போது அடுத்த வகுப்புக்குப் பயிற்சி எழுதுகிறேன். புத்தகத்தில் இருக்கிற லண்டன் உதாரணங்களை விட்டுவிட்டு நம் வரலாற்றிலிருந்தே எடுத்தால் என்ன என்று தோன்றியது. பார்த்துத் திருத்திவிடுங்கள்.

முதலாவது காப்பி. 1867இல் ஜேம்ஸ் டெய்லர் லூல்கந்துர தோட்டத்தில் 19 ஏக்கரில் தேயிலை நட்டார். 1869இல் காப்பி இலையில் துரு நோய் வந்தது. ஆனாலும் தோட்டக்காரர்கள் உடனே மாறவில்லை. "ஈவன் ஆஃப்டர் 1869 த ப்ளான்டர்ஸ் வென்ட் ஒன் ___ கொஃபி." பிறகு காப்பி அழிந்தது. "லேட்டர் தே வென்ட் ஒன் ___ டீ." இரண்டு கோட்டிலும் "க்ரோ" என்ற வினையின் சரியான வடிவத்தைப் போடவேண்டும்.

இரண்டாவது, இந்திய வம்சாவளித் தோட்ட மக்களை இந்தியாவும் இலங்கையும் பிரித்து ஏற்கச் செய்த ஒப்பந்தம் பற்றி. "இன் 1964 இந்தியா அக்ரீட் ___ 525,000 பீப்பிள்", வினை "டேக்".

மூன்றாவது, தலைமன்னாருக்குக் கோச்சியேறி, கப்பலில் ராமேஸ்வரம் போனவர்களைப் பற்றி. "மை க்ராண்ட்மதர் ரிமெம்பர்ஸ் ___ ஹேர் சிஸ்டர் ___", முதல் வினை "சீ", இரண்டாவது "லீவ்". இந்த வாக்கியத்தின் கடைசியில் "லீவ்" வருமா "லீவிங்" வருமா என்று எனக்கே உறுதியாகத் தெரியவில்லை.

பதுளை_சேர்

அருமையான பயிற்சி தங்கச்சி. முதலாவதில் "வென்ட் ஒன் க்ரோயிங் கொஃபி", செய்துகொண்டிருந்ததையே தொடர்ந்தார்கள். "வென்ட் ஒன் டு க்ரோ டீ", ஒன்றை விட்டு அடுத்ததற்குப் போனார்கள். ஒரே "வென்ட் ஒன்", இரண்டு பொருள். இதை நான் என் வகுப்புக்கும் எடுத்துக்கொள்கிறேன். இரண்டாவது "அக்ரீட் டு டேக்". விடை எழுதியதும் அந்த ஒப்பந்தத்தைச் செய்தவர்கள் சிறிமாவோ பண்டாரநாயக்கவும் லால் பகதூர் சாஸ்திரியும் என்பதையும், 300,000 பேரை இலங்கை ஏற்பதாகச் சொன்னதையும் பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள். இலக்கண வகுப்பிலேயே அதுவும் போய்ச் சேரட்டும்.

பத்தனை_டீச்சர்

மூன்றாவதில் முதல் இடத்துக்குச் "சீயிங்" மட்டும்தான். பார்த்தது நடந்து முடிந்தது, அது பாட்டியின் ஞாபகத்தில் இருக்கிறது.

இரண்டாவது இடத்துக்கு "லீவ்", "லீவிங்" இரண்டும் சரி நிலா. சீ, ஹியர், வோச் போன்ற புலன் வினைகளுக்குப் பின் வினை வெறுமையாக வந்தால் முழு நிகழ்ச்சியையும் தொடக்கம் முதல் முடிவு வரை பார்த்தார் என்று பொருள். "இங்" வந்தால் நடந்துகொண்டிருந்தபோது ஒரு பகுதியைப் பார்த்தார். பாட்டி பெட்டி கட்டியதிலிருந்து கோச்சி போய் மறைந்தது வரை கூடவே நின்றார் என்றால் "லீவ்". ஸ்டேஷனுக்கு வந்து சேர்ந்தபோது கோச்சி ஏற்கனவே நகர ஆரம்பித்திருந்தது என்றால் "லீவிங்". பாட்டி எதைச் சொன்னார் என்று கேட்டு எழுதச் சொல்லுங்கள், இரண்டு விடைக்கும் புள்ளி கொடுங்கள். "டு லீவ்" என்று எழுதியிருந்தால் மட்டும் திருத்துங்கள், "சீ"க்குப் பின்னால் இப்படி அது வராது.